கெனிசாக் கடிதங்களைக் கோய்டைனின் வழியில் வாசிப்பது எப்படி

இடைக்கால இஸ்லாமிய ஆட்சியில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புவோர் பலர் சட்ட நூல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அதனால் சிலருக்கு ஒடுக்குமுறை மட்டும் தெரிகிறது, சிலருக்குப் பொற்காலம் மட்டும். வரலாற்றாய்வாளர் ஷெலோமோ டோவ் கோய்டைன் (1900–1985) செய்ததைப் போலக் கடிதங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

இறைவனின் பெயர் எழுதிய தாளை எறியலாகாது என்ற வழக்கத்தால், பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து அறையொன்றில் வணிகக் கடிதங்களும் திருமண ஒப்பந்தங்களும் அறக்கொடைப் பட்டியல்களும் நூற்றாண்டுக்கணக்கில் குவிந்தன. இந்தக் குவியலே கெய்ரோ கெனிசா.

இவற்றை வைத்துக் கோய்டைன் எழுதிய ‘A Mediterranean Society’ எனும் பெருநூல் 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதி பொருளாதாரம் பற்றியது. ஆனால் குடும்பத்தைப் பேசும் மூன்றாம் தொகுதியை (1978) முதலில் வாசியுங்கள் என்பேன், ஏனெனில் யார் யாருக்கு மாமன், மருமகன் என்பது பிடிபட்டால்தான் வணிகக் கூட்டுகளின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

ஓர் ஆவணத்தை எடுத்ததும் அது கடிதமா, நீதிமன்றப் பதிவா, பட்டியலா என்று முதலில் தீர்மானியுங்கள். பல கடிதங்கள் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியில் உள்ளன. தாள் அருமையான பொருளாதலால் பின்பக்கத்தில் வேறொருவரின் எழுத்து இருக்கலாம். இரு பக்கங்களையும் பாருங்கள். செலூக்கிய ஆண்டு (அக்கால யூதர்கள் ஆவணங்களில் பயன்படுத்திய பழைய ஆண்டுக்கணக்கு) குறித்திருந்தால், இலையுதிர்கால யூதப் புத்தாண்டு முதல் டிசம்பர் முடியும் வரையிலான நாட்களுக்கு 312-ஐயும், பிற நாட்களுக்கு 311-ஐயும் கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும்.

அடுத்து, முஸ்லிம் அல்லாதோர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டியிருந்த ஜிஸ்யா எனும் தலைவரி பற்றிய குறிப்புகளைத் தேடுங்கள். இலக்கிய நூல்களை நம்பியிருந்தவரை அந்த வரியைப் பெரும் சுமையாகக் கருதாத கோய்டைன், கட்ட வழியின்றி ஒளிந்து திரிந்த ஏழைகளின் கடிதங்களைக் கண்டதும் தம் கருத்தை அடியோடு மாற்றிக்கொண்டார். அதே ஆவணங்களில் முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டாக வணிகம் செய்வதையும் காணலாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுக்காமல், எந்த ஆண்டு, எந்த ஆட்சியாளர், பணக்காரரா ஏழையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பயிற்சிக்கு அப்ரஹாம் பென் யிஜூவின் தாள்களை எடுக்கலாம். துனீசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த யூத வணிகரான இவர் 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்து, வெண்கலப் பட்டறை நடத்தினார். யேமனின் ஏடன் துறைமுக வணிகர்கள் இவருக்கு எழுதிய கடிதங்களில், மிளகுக் கணக்கை அடுத்து, அன்பளிப்பாக அனுப்பிய தாள், சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றின் பட்டியல் வரும். அதைத் தாண்டிச் செல்லாதீர்கள்; அந்த வீட்டில் எவற்றுக்குத் தட்டுப்பாடு இருந்தது என்பதை அதிலிருந்துதான் ஊகிக்க முடியும்.