அற்புதங்கள் பத்தின ஹியூமோட கட்டுரை: நான் விழுந்த குழியிலயே நீங்களும் விழாதீங்க

18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம், அற்புதங்களை நம்பலாமான்னு ரெண்டு பாகமா ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. போன வாரம் ஒரு பொண்ணு அதைப் பத்தின தன்னோட எம்.ஏ. பேப்பர் டிராஃப்டை அனுப்பியிருந்தா. மூணாவது பாராவுக்கு வந்ததும் எனக்கு சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்துச்சு. பல வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின அதே வரி, கிட்டத்தட்ட அதே வார்த்தையில. அதான் எழுத உக்காந்துட்டேன். மேற்கோள் தப்பு, பக்க எண் தப்பெல்லாம் பேசப்போறதில்ல, அதை உங்க கைடு பாத்துப்பாங்க.

முதல் பாகத்தோட மூடி வச்சிடுறது

அந்த வரி என்னன்னா: அற்புதம்னா இயற்கை விதியை மீறுறதுன்னு ஹியூம் வரையறுக்கிறாரு, இயற்கை விதியை மீறவே முடியாது, அதனால அற்புதம் சாத்தியமே இல்ல, ஆக நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கிட்டாரு, வாதம் அவுட். படிக்க ஜோராத்தான் இருக்கும், ரெண்டே வரில ஒரு பெரிய ஆளைச் சாய்ச்ச திருப்தி வேற. நான் இதை வச்சு 20 பக்கம் எழுதிக் குடுத்தேன். எங்க வாத்தியார் ஒரு வரிகூடத் திருத்தல, ஓரத்துல பென்சில்ல "எட்டு நாள் இருட்டு?"ன்னு மட்டும் எழுதித் திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணுமே புரியல, ஏன்னா ரெண்டாம் பாகத்தை நான் படிக்கவே இல்ல. அந்த செமஸ்டர் லீவு முழுக்க திரும்ப எழுதுறதுலயே போச்சு.

விஷயம் என்னன்னா, ரெண்டாம் பாகத்துல ஹியூம் ஒரு கற்பனை சொல்றாரு. 1600 ஜனவரி 1ல இருந்து எட்டு நாள் பூமி பூரா இருட்டா இருந்துச்சுன்னு எல்லா மொழி எழுத்தாளர்களும் எழுதியிருக்காங்க, எந்த நாட்டுக்குப் போய்ட்டு வந்தவங்களும் அதே கதையை மாறாமச் சொல்றாங்கன்னு வச்சுக்கோங்க. அப்போ என்ன செய்யணும்? நம்பணும், நம்பிட்டு காரணத்தைத் தேடணும்ங்கறாரு. அடுத்த மூச்சுலயே இன்னொண்ணு: அதே தேதில எலிசபெத் ராணி செத்துப்போய், டாக்டர்களும் அரண்மனையும் பாத்து, புதைச்சு, ஒரு மாசம் கழிச்சு எழுந்து வந்து மூணு வருஷம் ஆண்டாங்கன்னு எல்லா வரலாற்றாசிரியரும் எழுதியிருந்தா? துளிகூட நம்பமாட்டேன்ங்கறாரு. வரையறையே வேலையை முடிச்சிருந்தா, ஒண்ணை ஏத்துக்கிட்டு இன்னொண்ணைத் தள்ள அவருக்கு என்ன அவசியம்? முதல் பாகத்துலயே கூட, ஒரு நிரூபணத்துக்கு எதிரா இன்னொரு நிரூபணம் நின்னா வலுவானது ஜெயிக்கும்னு சொல்லிட்டாரே. தராசு வச்சிருக்கிற ஆளை, கதவைச் சாத்தின ஆள்னு எழுதுறோம்.

தத்துவப் பேராசிரியர் ராபர்ட் ஃபோகலின் 2003ல ஹியூமுக்கு ஆதரவா எழுதும்போது இதைத்தான் பிடிச்சாரு: முதல் பாகம் சாட்சியை எடைபோடுற அளவுகோலை வைக்குது, ரெண்டாம் பாகம் மத அற்புதங்கள் அந்த அளவுகோல்ல தேறலன்னு காட்டுது, ரெண்டும் சேர்ந்துதான் ஒரு வாதம். எனக்கு இதுதான் சரியாப் படுது. ஆனா எதிர்ப்பக்கம் ஒண்ணுமில்லன்னு நினைக்காதீங்க. பாரிஸ்ல ஜான்செனிஸ்ட் (கத்தோலிக்கத்துக்குள்ள இருந்த ஒரு கடும்போக்குப் பிரிவு) ஒருத்தரோட கல்லறையில நடந்ததா சொன்ன குணமாக்கல்களைப் பத்திப் பேசும்போது, இத்தனை சாட்சிக்கு எதிரா நம்மகிட்ட இருக்கிறது இது 'முற்றிலும் நடக்கமுடியாதது'ங்கற ஒண்ணுதான், அதுவே போதும்ங்கற மாதிரி ஹியூமே எழுதுறாரு. அந்த வரியை மறைச்சுட்டு ஃபோகலினுக்கு கை தட்டுனா அதுவும் அதே அரைகுறை வேலைதான்.

தமிழ்ல யோசிச்சு மாட்டிக்கிறது

இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும். 'விதி மீறல்'னு எழுதினதும் சிக்னல்ல போலீஸ் கை காட்டுற ஞாபகம்தான் வருது. ஹியூமுக்கு விதின்னா யாரோ போட்ட சட்டம் இல்ல, விதிவிலக்கே இல்லாத அனுபவத்துல ஊறி வந்த ஒண்ணு. 'நிரூபணம்'ங்கறதும் கணக்குப் பாட நிரூபணம் இல்ல, அனுபவத்துல சந்தேகத்துக்கு இடமே வைக்காத அளவு பலமான வாதம், நாளைக்கு சூரியன் வரும்ங்கற மாதிரி. இந்த ரெண்டு வார்த்தையை முதல் பக்கத்துலயே விளக்கிடுங்க, பாதித் தலைவலி போயிடும்.

இயர்மனை பக்தர் கணக்குல சேர்க்குறது

அறிவியல் தத்துவவாதி ஜான் இயர்மன் 2000ல எழுதின புத்தகத்தோட தலைப்பே ஹியூமோட படுதோல்விங்கற அர்த்தத்துல இருக்கும், உடனே "இவர் கிறிஸ்தவ மதத்துக்கு வக்காலத்து வாங்குறாரு"ன்னு எழுதிடுறாங்க. இல்லைங்க. கிறிஸ்தவ இறையியல் கொள்கைகள் மேல தனக்கு ஈர்ப்பே இல்லன்னு முன்னுரையிலயே சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறாரு. அவர் கோவம் நிகழ்தகவுக் கணக்கு மேல. ஹியூம் காலத்துத் தத்துவவாதி ரிச்சர்ட் பிரைஸ் 1767லயே சொன்னதுதான் அடிப்படை: 2,000 தடவை பத்திரமா ஆத்தைக் கடந்த படகு ஒருநாள் மூழ்கிடுச்சுன்னு ஒருத்தர் வந்து சொன்னா நம்புறோமா இல்லையா? நம்புறோம். அப்போ பழைய அனுபவத்தோட எண்ணிக்கையை மட்டும் வச்சு சாட்சியை அடிச்சு நொறுக்க முடியாது.

பேயிஸ் ஃபார்முலா போட்டா கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது

முடியாது. புது சாட்சி வந்தா நம்ம பழைய நிகழ்தகவை எவ்வளவு மாத்திக்கணும்னு கணக்குப் போடுற ஃபார்முலா அது. ஆரம்ப நிகழ்தகவை எவ்வளவுன்னு வைக்கிறீங்களோ, சண்டையே அங்கதான்.

1739ல வந்த ஹியூமோட முதல் புத்தகத்துல இதைத் தேடுறது

கிடைக்காது. அற்புதத்தைப் பத்தி எழுதி வச்சிருந்ததை வெளியிடாம வெட்டிட்டாரு, அச்சுல வந்தது 1748ல.

இந்திய இளவரசன் மேட்டர்

கட்டுரையில, தண்ணி உறையும்னு சொன்னதை நம்பாத ஒரு இந்திய இளவரசன் வர்றான். அவனை ஹியூம் கிண்டல் பண்றாருன்னு எழுதாதீங்க, அவன் சரியாத்தான் யோசிச்சான்னு சொல்றாரு. அடிக்குறிப்பையும் சேர்த்துப் படிங்க.