இழுப்பறை அலமாரி: எந்த இடத்துக்கு எந்த மூட்டு?

மரம் வாங்குவது, இழைப்பது, மூலைமட்டம் பிடிப்பது எல்லாம் கைவந்தவை என்று வைத்துக்கொள்கிறேன். துணி வைக்க நான்கு இழுப்பறைகள் கொண்ட அலமாரியைத் தேக்கில் செய்கிறோம். அறுப்பதற்கு முன்பே மூட்டுகளைத் தீர்மானித்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மரத்தை எது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் கணக்கு.

1. கூடு: பக்கங்களுக்குச் சட்டமும் நடுப்பலகையும். சட்டங்களைக் கழுந்தும் (ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு) துளையுமாக இணையுங்கள். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. நடுப்பலகையைக் காடியில், அதாவது சட்டத்தில் நீளமாக வெட்டிய பள்ளத்தில், செருகுங்கள், பசை வேண்டாம். மரம் நீளவாட்டில் அசைவதே இல்லை எனலாம். அகலவாட்டில் ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரையில் சுருங்கும். ஒட்டிவைத்தால் பலகை பிளந்துகொள்ளும்.

2. இழுப்பறைகளுக்கு இடையே வரும் குறுக்குச் சட்டம்: பக்கங்கள் வெளியே பிதுங்காமல் பிடித்திருப்பது இதுதான். இதற்கும் கழுந்துதான். ஆணியோடு தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

3. இழுப்பறை: உழைப்பையெல்லாம் இங்கே கொட்டுங்கள். கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முகப்புப் பலகை பக்கப் பலகைகளை விட்டுக் கழன்றுவரப் பார்க்கும். நாரின் வெட்டுமுகம் (நாரைக் குறுக்கே அறுத்த பலகை நுனி) பசையை உறிஞ்சிவிடும், ஆணியையும் இறுக்கிப் பிடிக்காது. ஆகவே புறாவால் மூட்டு: புறாவின் வால்போல் நுனியில் விரிந்த பல், அதே வடிவக் குழிக்குள் பூட்டிக்கொள்ளும். வால் பக்கப் பலகையில், குழி முகப்பில்; மாற்றி வெட்டினால் இழுப்பைத் தாங்காது. வாலின் சரிவு தேக்குக்கு எட்டுக்கு ஒன்று (எட்டு அளவு நீளத்துக்கு ஒரு அளவு சாய்வு), மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று. முன்னால் மூட்டு தெரியக் கூடாதென்றால், 20 மி.மீ. முகப்பில் வெளிப்புறம் 5 மி.மீ. விட்டுக் குழியை நிறுத்துங்கள்.

வாலை முதலில் வெட்டி, அதையே முகப்பின் மேல் வைத்துக் குழியைக் குறியுங்கள். பென்சில் கூடாது, கூரிய கத்திதான். பென்சில் கோட்டுக்கு ஒரு கனம் உண்டு. அதில் எந்த ஓரத்தை அறுப்பது என்ற குழப்பத்திலேயே மூட்டு தளர்ந்துவிடும். கத்திக் கீறலில் உளி தானாக உட்காரும். கழிவுப் பக்கம் அறுத்து, கீறலை மிச்சம் வையுங்கள்.

வெட்டுமுன் இன்னொன்றையும் பாருங்கள். அடிப்பலகைக்கான காடி, கீழ்க்கோடி வாலின் அகலத்துக்குள் விழ வேண்டும். அப்போதுதான் முகப்பில் காடி முடியும் இடத்தை அந்த வால் மூடும். விலகினால் பக்கவாட்டில் ஒரு சதுர ஓட்டை தெரியும்.

கருவியில் என் கட்சி: இழுத்து அறுக்கும் மெல்லிய ஜப்பானிய ரம்பம், நன்கு தீட்டிய இரண்டு உளிகள், கொட்டாப்புளி. இவை இருந்தால் மூட்டு வெட்டும் இயந்திரத்துக்குக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. பசைக்கு வெள்ளை ஃபெவிகால் போதும்.

4. அடிப்பலகை: நார் இடமிருந்து வலமாக ஓடட்டும். முன்னும் பக்கமும் காடியில் செருகி, பின்னால் நீள்துளையில் ஒரே ஒரு திருகாணி. மரம் பின்னோக்கி உப்ப இடம் கிடைக்கும்.

பின்சேர்க்கை: பிளைவுட்டில் செய்யலாமா என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் புறாவால் வேண்டாம், அடுக்குகள் பெயர்ந்துவரும். காடி வெட்டி, பசையிட்டு, திருகாணி போடுங்கள். விளிம்பில் திருகுமுன் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையேல் அடுக்கு விரியும். பிளைவுட் அவ்வளவாக உப்பாது என்பதால் அடிப்பலகையைத் தாராளமாக ஒட்டிவிடலாம்.

மழைக்காலத்தில் இழுப்பறை இறுகுகிறது என்றவர்களுக்கு: மூட்டைத் தொடாதீர்கள். பக்கப் பலகையின் மேல்விளிம்பை இழைப்புளியால் இரண்டு இழைப்பு இழைத்து, மெழுகு தேயுங்கள்.