இரண்டாவது ஆள் யார்? அமெரிக்கச் சிற்றூர்க் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெப்ராஸ்கா மாநிலத்தின் வட எல்லைக்கு அருகே மோனோவை என்றொரு ஊர். 1930களில் நூறு பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். பண்ணைகள் பெரிதாகி ஆள்தேவை குறைந்தது, பிள்ளைகள் வேலை தேடி வெளியேறினார்கள். 2000-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கணவன், மனைவி என இரண்டே பேர். 2004-ல் கணவர் காலமானார். 2010 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 1. மேயர், எழுத்தர், பொருளாளர், நூலகர், சாப்பாட்டுக் கடை நடத்துபவர் எல்லாமே அந்த ஒரு அம்மாள்தான். மதுக்கடை உரிமத்துக்கான விண்ணப்பத்தைக்கூட அவரே எழுதி அவரிடமே கொடுக்க வேண்டும். 2020 கணக்கெடுப்பு வெளிவந்தபோது மோனோவையின் மக்கள்தொகை 2 என்று இருந்தது. அந்த இன்னொரு ஆள் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

யாரும் குடிவரவில்லை. தனி ஆளின் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பது அங்கே சட்டம். பெயரோடு இருக்கும் படிவங்களை 72 ஆண்டுகளுக்குத் திறக்க மாட்டார்கள். ஒரே ஒருவர் வாழும் ஊரில் வயது, இனம் என்று எந்த அட்டவணை போட்டாலும் அது அந்த அம்மாளின் படிவத்தை அப்படியே படித்துக் காட்டுவதாகிவிடும். அதனால் 2020-ல் மாநில மொத்தத்தை மட்டும் எண்ணியபடி வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள ஊர்களின் ஆள் எண்ணிக்கையை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வெளியிட்டார்கள். பெரிய நகரத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. மோனோவையில் அது நூறு சதவீத வளர்ச்சி! ஆகவே சின்ன ஊரின் கணக்கில் சதவீதத்தை முதலில் பார்க்காதீர்கள், தலைகளை எண்ணுங்கள். டெக்சாஸின் லவிங் கவுன்டியில் (கவுன்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) 2020-ல் 64 பேர்தான். அங்கே ஒரு குடும்பம் வீடு மாறினாலே விகிதமெல்லாம் புரண்டுவிடும்.

அதே லவிங் கவுன்டி இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். கவுன்டியை மாவட்டம் என்று மொழிபெயர்க்கிறோம். லட்சக்கணக்கானோர் வாழும் நம் மாவட்டம் மனதில் வந்து நின்றுவிடுகிறது. டவுன்ஷிப் என்றதும் நெய்வேலி போல வரிசையாகக் கட்டிய குடியிருப்பு நினைவுக்கு வரும். அங்கே பல மாநிலங்களில் அது வயல்களின் மேல் சதுரமாகக் கோடு போட்டுப் பிரித்த ஒரு நிர்வாகப் பரப்பு, அவ்வளவுதான். உள்ளே கடைத்தெருவே இல்லாமலும் இருக்கலாம்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேற்படிப்புக்குப் போன நம் மருத்துவர்கள் பலர், விசா விதிப்படி மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்றாண்டு பணிசெய்ய ஒப்புக்கொண்டு, இப்படிப்பட்ட சிற்றூர்களுக்குப் போகிறார்கள். தெரிந்த குடும்பமொன்றில் மகளுக்கு அப்படியொரு இடம் கிடைத்தது. அப்பா கணினியில் ஊர் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, “இந்தியன் இத்தனை பேர் இருக்காங்களே, கோயில் பக்கத்துலயே இருக்கும்” என்று மகிழ்ந்துபோனார். அவர் விரல் வைத்திருந்த வரி அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கானது. நம்மவர்கள் ஆசியர் என்ற தலைப்பின் கீழே, ‘ஏஷியன் இந்தியன்’ என்று தனியாக வருவார்கள். தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோட்டா கவுன்டியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘அமெரிக்கன் இந்தியன்’. அது லகோட்டா மக்களின் மண். ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள் என்ற வரியிலும் இதே கவனம் தேவை. 2020 வரையிலான படிவங்களில் அது இனத்தோடு சேராத தனிக் கேள்வி. ஒருவர் வெள்ளையராகவும் ஹிஸ்பானிக்காகவும் இரண்டு இடத்திலும் இருப்பார். எல்லா வரிகளையும் கூட்டி, நூற்றைத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம்.

வருமானத்தில்தான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆள் எண்ணிக்கையை வீடு வீடாக எடுக்கிறார்கள், வருமானத்தை அப்படி எடுப்பதில்லை. 2000 வரை ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒன்றுக்கு நீண்ட படிவம் போனது. அதில் கேட்டதும் முந்தைய ஆண்டின், அதாவது 1999-ன் வருமானம். இப்போது சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டு, ஆண்டு முழுவதும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு ஐந்து ஆண்டு விடைகளை ஒன்றாகச் சேர்த்தே மதிப்பீடு தருகிறார்கள். 2019–2023 என்று போட்டிருந்தால் அது 2023-ன் நிலவரம் ஆகாது, ஐந்தாண்டும் கலந்தது. அதை 2018–2022-உடன் ஒப்பிட்டு ஊர் ஏறியது, இறங்கியது என்றால், இரண்டுக்கும் நான்கு ஆண்டுகள் பொது என்பதை மறந்துவிட்டோம். பக்கத்துக் கட்டத்தில் கூட்டல்-கழித்தல் குறியோடு ஓர் எண் நிற்கும். ஒரு பேச்சுக்கு, 50,000 டாலருக்குப் பக்கத்தில் 15,000 என்றிருந்தால், உண்மை 35,000-க்கும் 65,000-க்கும் இடையே எங்கேயோ இருக்கலாம் என்று பொருள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்தெழுதும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

வீட்டு வருமானம், குடும்ப வருமானம், தனிநபர் வருமானம் மூன்றும் வேறு. உறவினர் சேர்ந்து வாழ்ந்தால்தான் அங்கே ‘குடும்பம்’. தனியே வாழும் பாட்டி ‘வீடு’ கணக்கில் உண்டு, ‘குடும்பம்’ கணக்கில் இல்லை. முதியோர் நிறைந்த ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுவது அதனால்தான். தனிநபர் வருமானத்தில் சிறைக்கைதிகளும் ஒரு தலையாகச் சேர்கிறார்கள், ஆனால் வறுமை விகிதத்தில் அவர்கள் இல்லை. அயோவாவின் அனமோசா ஊரில் மாநிலச் சிறை இருக்கிறது. அங்கே ஒரு வார்டில் ஏறக்குறைய 1,400 பேர் என்றது 2000-ம் ஆண்டுக் கணக்கு. அதில் 1,300 பேர் வரை ஓட்டுரிமை இல்லாத கைதிகள். 2005-ல் அந்த வார்டின் உறுப்பினர் மொத்தமே இரண்டு ஓட்டு வாங்கித் தேர்வானார். ஓர் ஊரில் ஆண்கள் திடீரென்று அதிகமாகத் தெரிந்தால் முதலில் சிறை இருக்கிறதா என்று தேடுங்கள்.

கிராமம் என்றால் விவசாயம் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. அமெரிக்க வேளாண்துறையின் 2015 வகைப்பாட்டில் பெருநகர வட்டங்களுக்கு வெளியே 1,976 கவுன்டிகள். விவசாயத்தையே நம்பியவை அவற்றில் 391. மற்ற இடங்களில் சோறு போடுவது ஆலை, சுரங்கம், பள்ளி, மருத்துவமனை, அரசு வேலை, முதியோர் ஓய்வூதியம். வேலையின்மை விகிதம் குறைவாக இருந்தால் ஊர் செழிப்பு என்றும் சொல்லிவிட முடியாது. வேலை தேட வேண்டியவர்கள் ஊரைவிட்டே போயிருக்கலாம்.

‘கிராமப்புறம்’ என்ற சொல்லின் எல்லையும் நகர்ந்துவிட்டது. முன்பு 2,500 பேர் இருந்தால் நகர்ப்புறம். 2020-ல் அதை 5,000 பேர் அல்லது 2,000 வீடு என்று உயர்த்தினார்கள். கிராமப்புற மக்களின் பங்கு 2010-ல் 19.3 சதவீதம், 2020-ல் 20. இதைப் பார்த்து மக்கள் கிராமத்துக்குத் திரும்புகிறார்கள் என்று எழுதினால் தப்பு. கோட்டைத்தான் நகர்த்தியிருக்கிறார்கள்.

எண் மாறாவிட்டால் ஊரும் மாறவில்லை என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அயோவாவின் போஸ்ட்வில் ஊரில் 2000-ல் 2,273 பேர், 2010-ல் 2,227 பேர். பத்தாண்டில் 46 பேர் குறைவு, அமைதியான ஊர் என்று தோன்றும். நடுவில் 2008 மே 12 அன்று அங்கிருந்த இறைச்சி ஆலைக்குள் குடியேற்றத்துறை நுழைந்து 389 தொழிலாளர்களைக் கைது செய்தது. பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். ஆலை நொடித்தது, வீடுகள் காலியாயின. பிறகு சோமாலியர் உட்படப் புதிய ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் இதில் ஒன்றுகூடத் தெரியாது. பள்ளி வருகைப் பதிவேட்டை மட்டும் தினமும் எடுக்கிறார்கள். கைது நடந்த மறுநாள் அங்கே ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் வரவில்லை.