மார்கழி முடிவதற்குள் செய்ய வேண்டிய காட்டு வேலை

கேரளத்தில், மறையூரிலிருந்து சின்னாறு இறங்கும் சரிவில் இருக்கிறது எங்கள் குடி, அதாவது எங்கள் மலை ஊர். மழை மறைவுப் பகுதி, மலை மறைப்பதால் மழை குறைவு. தை பிறந்து புல் காய்ந்துவிட்டால் அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும். ஊர் கூடிக் காட்டைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எல்லை. வயசானவர்களோடு பக்கத்துக் குடிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு நடங்கள். பாறை, ஓடை, சாமி மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பக்கத்துக் குடிக்காரர்களைக் கூப்பிடாமல் நடந்துவிட்டோம். ஒரு நெல்லிச் சரிவுக்காக இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக வன வள உரிமை என்று ஒன்று உண்டு. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே அதிகாரம், சரணாலயத்துக்குள்ளும் செல்லும். மனு, படிவம் ‘சி’யில். இதற்கான ஊர்க்கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அதனால் சோறு வடிக்கிற நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்.

விதிகள் விரலுக்குள் அடங்கட்டும். எங்களுக்கு மூன்றுதான். நெல்லிக்காய்க்காகக் கொப்பை ஒடிக்கக் கூடாது. எட்டாத காய் மானுக்கு. தேனடையில் தேன் பகுதியை மட்டும் அறுக்க வேண்டும், புழு இருக்கிற பகுதி அப்படியே இருக்க வேண்டும். தேன் எடுக்கப் போகிறவர்களைத் தவிர யார் மடியிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது.

அப்புறம் தீத்தடுப்புக் கோடு, தீ தாண்டி வராதபடி புல்லை வெட்டி வெறுமையாக்கிய பட்டை. இதுதான் இடுப்பை ஒடிக்கிற வேலை. வீட்டுக்கு ஓர் ஆள். ஆள் இல்லாத வீட்டுப் பாட்டி எல்லாருக்கும் கட்டன்சாயா (பால் விடாத டீ) போட்டுத் தந்தால் அதுவும் ஒரு ஆள் கணக்குதான். வெட்டிய புல்லை ஓரத்தில் குவித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், தீக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, பனி ஈரம் காய்வதற்குள், காற்று இல்லாத காலையில் ஆள் நின்று எரித்துவிடுங்கள். சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அபராதம் போடத் தயங்கினால் விதி காகிதத்தோடு சரி. நாங்கள் முதலில் போட்டது என் அக்கா வீட்டுக்காரருக்கு, கொப்பு ஒடித்ததற்கு 200 ரூபாய். அக்கா இரண்டு மாதம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. கொப்பு ஒடிப்பது குறைந்தது. தேன் விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. பணக் கணக்கைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். அந்த 200 ரூபாயில் அரிவாள்களுக்குப் பிடி போட்டோம் என்று வாசித்தபோது மாமாவே சிரித்துவிட்டார்.