பணம் வந்தது, ஆர்டர் ரத்தானது: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பூஜைப் பொருள் விற்க வூகாமர்ஸில் (இணையக் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடை போட்டோம். கார்டில் கட்டினால் ஓடிபி கேட்கும், பணமும் ஏறிவிடும். ஆர்டர் மட்டும் 'பணம் வரவில்லை' என்றே நின்று, 60 நிமிடத்தில் தானாக ரத்தாகும். காவடி நேரத்தில் பெரிய தலைவலி.

பணம் வாங்கும் சேவையைக் கடையோடு இணைக்கும் பிளகினைப் புதுப்பித்தேன், ஃபயர்வாலைப் பார்த்தேன், பயனில்லை. பணம் வந்ததும் அந்தச் சேவை நம் தளத்துக்குத் தானாக அனுப்பும் தகவல்தான் வெப்ஹூக். அதை அனுப்பியது அந்தச் சேவைதானா என்று பார்க்கும் கையொப்பச் சரிபார்ப்பை நிறுத்தச் சொன்னார் ஒருவர். அதை மட்டும் செய்யாதீர்கள். 'பணம் கட்டியாச்சு' என்று யார் வேண்டுமானாலும் பொய்த் தகவல் அனுப்பலாம்.

அப்புறம்தான் சர்வர் பதிவில் 301 (வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் குறியீடு) கண்ணில் பட்டது. பிளகின் தானாக நிரப்பிய வெப்ஹூக் முகவரியில் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' இல்லை. தளமோ அது உள்ள முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. பிரவுசர் பின்தொடர்ந்து போகும், அதனால் நாம் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பணம் வாங்கும் சேவையின் தகவல் அப்படிப் போகாமல் நின்றுவிடுகிறது. முழு முகவரியைக் கொடுத்தேன். அடுத்த ஆர்டர் உடனே உறுதியானது. அப்பாடா!