கிருஷ்ணகிரியிலிருந்து குடும்பத்தோடு பெங்களூரு: அலைச்சல் இல்லாமல் சுற்றிப் பார்க்கச் செய்முறை விளக்கம்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு புதிய ஊரல்ல. வேலைக்கும் மருத்துவமனைக்கும் மண்டிக்கும் போய்வந்து பழகிய ஊர். ஆயினும் ஐந்து வயது மகனையும் பதினொரு வயது மகளையும் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு, பொழுதைக் கழிப்பதற்காகவே அங்கே போவது என்று முடிவு செய்தபோதுதான், அந்த ஊரை நான் ஒருமுறையேனும் சுற்றிப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. முதல் பயணம் முழுவதும் பேருந்திலும் நெரிசலிலும் கழிந்தது. இரண்டாவது பயணத்தில் பாதி தேறியது. மூன்றாவது பயணத்தில் வந்து சேர்ந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கிழமையைத் தீர்மானித்தல்

இடத்தை முடிவு செய்துவிட்டு நாளைத் தேடுவது தவறு. நாளை முடிவு செய்துவிட்டு இடத்தைத் தேட வேண்டும். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரு கோளரங்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. லால்பாக் தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள எம்.டி.ஆர். உணவகத்துக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. ஞாயிறன்று கூட்டம் அதிகம் என்று நாங்கள் திங்களையும் செவ்வாயையும் தேர்ந்தெடுத்தோம். அதன் பலனாகப் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் மட்டும் ஓரிரு பண்டிகை நாள்கள் நீங்கலாக எல்லா நாளும் திறந்திருக்கும். எனவே திட்டம் எதுவும் கைகூடாத நாளுக்கு அதை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

கூட்டமும் இருக்கக்கூடாது, பள்ளியும் கெடக்கூடாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டில் விடுமுறையாகவும் கர்நாடகத்தில் வேலை நாளாகவும் வரும் நாள்களை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பொங்கலை அடுத்து நமக்கு மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் அரசு விடுமுறைகள். அங்கே சங்கராந்தியோடு விடுமுறை முடிந்துவிடுகிறது. நாங்கள் மூன்றாவது முறை போனது உழவர் திருநாளன்றுதான். இதற்கு நேர்மாறாக, குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடைபெறும். மலர்களைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் சிறு குழந்தைகளோடு அந்த நாள்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாம் படி: நகருக்கு உள்ளேயா, வெளியேயா

ஒரே நாளில் இரண்டையும் சேர்க்காதீர்கள். லால்பாக், கப்பன் பூங்கா, அருங்காட்சியகம், கோளரங்கம் ஆகியவை நகருக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு மெட்ரோதான் சரி, காரை எடுத்துக்கொண்டு போவது வீண். பன்னேர்கட்டாவும் வொண்டர்லா என்ற கேளிக்கைப் பூங்காவும் நகருக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்குக் கார்தான் சரி, மெட்ரோ உதவாது. காலையில் பன்னேர்கட்டா, மாலையில் லால்பாக் என்று யாரேனும் திட்டம் போட்டுக் கொடுத்தால், அவர் குழந்தைகளோடு போயிருக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பொம்மசந்திராவில் இறங்குதல்

நான் சறுக்கிய இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. பொம்மசந்திராவில் தொடங்கி ஆர்.வி. சாலை வரை, 16 நிலையங்களோடு, ஏறக்குறைய 19 கிலோமீட்டர் அது ஓடுகிறது. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரம் என்று வரிசையாக வந்ததும் அடுத்து வருவது பொம்மசந்திரா. அங்கேயே இறங்கி மெட்ரோவில் ஏறிவிட்டால், சில்க் போர்டு சாலைச் சந்திப்பின் நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம்.

படிக்கும்போது எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிருஷ்ணகிரியில் பெங்களூரு பேருந்தில் ஏறி, பெங்களூருக்கே சீட்டு வாங்கிக்கொண்டு, இறங்கும் இடம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அமர்ந்துவிட்டேன். பொம்மசந்திரா மெட்ரோ நிலையம் சன்னலுக்கு வெளியே கடந்து போனபோதுதான் எழுந்தேன். அதற்குள் பேருந்து எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டது. 2010-இல் திறக்கப்பட்ட அந்த மேம்பாலம் சுமார் 10 கிலோமீட்டர் நீளமுடையது. ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழியில்லை. இறங்கியதும் சில்க் போர்டு நெரிசல் காத்திருந்தது. அங்கும் அதே மஞ்சள் தடத்தின் நிலையம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்த நெரிசலைத் தவிர்க்க மெட்ரோவைத் தேடினோமோ அந்த நெரிசலுக்குள் முழுவதுமாக உட்கார்ந்து எழுந்த பிறகு அந்த நிலையம் இருந்து என்ன பயன்? மகன் அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஏறுவதற்கு முன்பே நடத்துநரிடம் பொம்மசந்திராவில் நிறுத்துவீர்களா என்று கேளுங்கள். நிற்காது என்றால் வாதாட வேண்டாம். விரைவுப் பேருந்துகள் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. ஓசூர் வரைக்கும் மட்டும் சீட்டு வாங்கி, ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, வழியில் நின்று போகும் சாதாரணப் பேருந்தில் மாறிக்கொள்ளுங்கள். நேரம் சற்றுக் கூடினாலும் குழந்தைகளுக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வரவும் தேநீர் குடிக்கவும் அந்த இடைவேளை உதவுகிறது. நான் இப்போது எப்போதும் இப்படித்தான் போகிறேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதாலும், கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் சக்தி என்ற பெயரில் அதே போன்ற திட்டம் இருப்பதாலும், அங்கேயும் நமக்கு இலவசம் என்று என் மாமியார் உறுதியாக நம்பினார். அந்தத் திட்டம் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டுமே உரியது. அந்த மாநில முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கிருஷ்ணகிரி முகவரியுள்ள ஆதாரை நீட்டினால் சீட்டுத்தான் கிடைக்கும்.

நான்காம் படி: மெட்ரோ சீட்டும் தடம் மாறுதலும்

தனியாகப் போகிறவருக்கு ஸ்மார்ட் கார்டு சிறந்தது என்று பலரும் சொல்வார்கள். குடும்பத்துக்கு அது சரிப்படாது, ஏனெனில் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு வேண்டும். கைப்பேசியில் வாங்கும் க்யூஆர் சீட்டில் 6 பேர் வரை ஒரே குறியீட்டில் போகலாம். நான் பரிந்துரைப்பது அதைத்தான். டோக்கன் வாங்கிக் குழந்தையின் கையில் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். வெளியேறும் இடத்தில் அதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பது எளிதல்ல.

மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையில் முடிகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்டு சர்க்கிள், லால்பாக் என்று மூன்றாவது நிலையத்திலேயே இறங்கிவிடலாம். கப்பன் பூங்காவுக்குப் போக வேண்டுமென்றால் அதே பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக் வரை போய், அங்கே ஊதாத் தடத்துக்கு மாற வேண்டும். ஊரே மெஜஸ்டிக் என்று அழைக்கும் அந்த நிலையத்தின் முறைப்படியான பெயர் நாடப்பிரபு கெம்பேகவுடா நிலையம். மெஜஸ்டிக் என்ற பெயருக்காகக் காத்திருந்து நிலையத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே கூட்டமும் நகரும் படிக்கட்டுகளும் அதிகம் என்பதால் முதியவர்களை மின்தூக்கியில் அழைத்துச் செல்வதே நல்லது.

ஐந்தாம் படி: நகருக்குள் ஒரு நாள்

காலையில் லால்பாக், பிற்பகலில் அருங்காட்சியகம். அவ்வளவே போதும்.

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் இன்று 240 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. முழுவதையும் சுற்ற வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையையும் ஏரியையும் பார்த்துவிட்டுப் பாறைக்கு வந்துவிடுங்கள். கருங்கல் குவாரிகளுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் நடுவே வளரும் நம் பிள்ளைகள் அந்தப் பாறையைக் கண்டதும், இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் கேட்பார்கள். என் மகளும் அப்படித்தான் கேட்டாள். அந்தப் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழமையானது, டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அது அங்கே இருந்தது என்று சொன்ன பிறகு அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். பாறையின் உச்சியில், பெங்களூரு நகரை நிறுவிய கெம்பேகவுடா எழுப்பிய கோபுரங்களில் ஒன்று நிற்கிறது.

மதிய உணவுக்கு 1924 முதல் நடந்துவரும் எம்.டி.ஆர். அருகிலேயே இருந்தாலும், வார இறுதியில் பசித்த குழந்தையோடு அங்கே வரிசையில் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. காலைச் சிற்றுண்டி நேரத்திலேயே போய் ரவா இட்லியை முடித்துக்கொள்வது நல்லது. நம் ஊர்க் காரத்துக்குப் பழகியவர்களுக்கு அங்குள்ள சாம்பாரின் வெல்ல இனிப்பு வியப்பளிக்கும். என் மாமியார் கட்டுச்சோற்றையே விரும்பினார்.

விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்குக் கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்க வேண்டும். சிறிது தூரம் நடை இருக்கிறது. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. கீழ்த்தளத்திலுள்ள எந்திரக் கூடம் பெரியவர்களையே நிறுத்திவைத்துவிடும். ஆனால் பொத்தானை அழுத்தினால் ஏதாவது அசைய வேண்டும் என்று எதிர்பார்க்கும் வயதினரை முதலில் வேடிக்கை அறிவியல் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்திரங்களில் தொடங்கிய நாங்கள், மகன் களைத்துப்போனதால் மேல்தளங்களைப் பார்க்காமலே திரும்பினோம். மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டிய இடம் அது. நேரம் மிஞ்சினால் கப்பன் பூங்காவில் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை என்பதால் குழந்தைகள் அச்சமின்றி ஓடலாம்.

கோளரங்கத்தில் காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. சீட்டு வாங்கும்போது எந்த மொழிக் காட்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நகருக்கு வெளியே ஒரு நாள்

பன்னேர்கட்டாவுக்குப் போக நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. அத்திப்பள்ளியில் இடப்புறம் பிரிந்து ஆனேக்கல், ஜிகணி வழியாகப் போகலாம். அல்லது பொம்மசந்திராவிலிருந்து ஜிகணிக்குச் செல்லும் இணைப்புச் சாலையைப் பிடிக்கலாம். பூங்கா காலை 9.30 மணிக்குத் திறக்கும். கிருஷ்ணகிரியில் ஆறரை மணிக்குப் புறப்பட்டால் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். சஃபாரிக்கான சீட்டை முதல் நாளே இணையத்தில் வாங்கிவிடுங்கள். போனதும் சஃபாரியை முடித்துக்கொண்டு, பிறகு விலங்குக்காட்சி சாலையையும் 2006-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் பாருங்கள். வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துக்கொள்ளும். பேருந்திலிருந்து வாலைத்தான் பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே அனுமதியில்லை என்பதால் தின்பண்டங்களைத் தூக்குவாளியிலோ துணிப்பையிலோ எடுத்துச் செல்லுங்கள்.

வொண்டர்லா மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே இருக்கிறது. ஓசூர் சாலையிலிருந்து மைசூரு சாலைக்கு, நகரைச் சுற்றிப் போகும் நைஸ் சாலை நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். சுங்கக் கட்டணம் உண்டு, ஆனாலும் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. அங்கே பிள்ளைகளுக்குக் கட்டணமும் விளையாட்டும் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. 140 செ.மீ. எட்டாதவர்களைப் பெரிய சுழல் விளையாட்டுகளில் ஏற்றுவதில்லை. புறப்படுவதற்கு முன்பு வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். வாசலில் வைத்து மறுக்கப்பட்டால் அழுகையை அடக்க முடியாது. தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. நைலான் உடை வேண்டும். ஓசூர்க் கடைகளிலேயே அதை வாங்கிவிட்டால் செலவு குறையும். முதியவர்களை இங்கே அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் மாமியார் நாள் முழுவதும் எங்கள் பைகளுக்குக் காவலிருந்தார்.

ஏழாம் படி: திரும்புதல்

மாலை நான்கு மணிக்கு முன்பு மெட்ரோவில் ஏறுங்கள், இல்லையேல் எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். இடைப்பட்ட நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகக் கூட்டம் முழுவதும் அதே வண்டியில்தான் இருக்கும். பொம்மசந்திராவில் இறங்கி அங்கேயே நின்று கிருஷ்ணகிரிப் பேருந்துக்குக் கைகாட்டுவது வீண் முயற்சி. நகருக்குள்ளேயே நிரம்பி வரும் வண்டிகள் நிற்பதில்லை. ஓசூருக்குப் போகும் எந்தப் பேருந்திலாவது ஏறி, அங்கே மாறிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த தருமபுரி வாசகர் ஒருவர், தங்கள் ஊரான தருமபுரிக்கு இரயில் இருக்கும்போது இவ்வளவு பேருந்து எதற்கு என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு இரயில்கள் ஓடுகின்றன. எங்கள் கிருஷ்ணகிரி நகரத்துக்குத்தான் இரயில் நிலையமே இல்லை. முதியவர்களோடு வரும் தருமபுரிக்காரர்கள் இரயிலையே பிடியுங்கள். இராயக்கோட்டைக்கு அருகில் இருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களும் அங்கே போய் ஏறிக்கொள்ளலாம். திரும்பும் இரயிலின் நேரத்தைப் புறப்படும்போதே பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப அருங்காட்சியகத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

மற்றொரு பின்சேர்க்கை: பள்ளி விடுமுறைக் காலங்களில் பன்னேர்கட்டாவைச் சில செவ்வாய்க்கிழமைகளிலும் திறப்பதாக அறிவிப்பதுண்டு என்று இன்னொருவர் நினைவூட்டினார். அது சரியே. ஆனால் அறிவிப்பைப் பூங்காவின் இணையதளத்தில் கண்ணால் பார்த்த பிறகே காரை எடுங்கள்.