நான்கு குச்சி, ஒரு நூல்: செடி வகைகளை எண்ணிப் பார்க்க

உலகத்தில் செடி வகை எங்கே அதிகம் என்று கேட்டால் அமேசான் என்பார்கள். எவ்வளவு இடத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரு ஹெக்டேர் என்றால் ஈக்வடார் மழைக்காடு. அங்கே 942 வகை எண்ணியிருக்கிறார்கள். ஒரே ஒரு சதுர மீட்டர் என்றால் அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளி, 89 வகை! ஒரு பெரிய மரம் நிற்கிற இடத்தில் எத்தனையோ சின்னப் பூண்டுகள் நெருக்கியடித்து வளர்ந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனிலேயே இதைச் சோதிக்கலாம். மழை விழுந்தபின், நவம்பர் வாக்கில் போங்கள்; பூத்திருந்தால் அடையாளம் காண்பது சுலபம். சாட்ஸ்வர்த்காரர்களுக்கு சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் பக்கம்தான், ஆனால் அனுமதி கேட்டுவிட்டுக் குச்சி நடுங்கள். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணிக் காய்ச்சல் பொல்லாதது. தனியாகப் போக வேண்டாம்.

குச்சி நட்டு நூல் கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘மஞ்சள் நட்சத்திரம்’, ‘மயிர் இலை’ என்று நீங்களே வைத்துப் படம் எடுங்கள். எதையும் பிடுங்காதீர்கள். புல்தான் படுத்தும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இலை தண்டைவிட்டுப் பிரிகிற இடத்தை மெல்ல விரித்துப் பாருங்கள்: அங்கே மெல்லிய சவ்வு இருக்கும், அல்லது மயிர் வரிசை. பூக்காத புல்லைக்கூட அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

அப்புறம் சதுரத்தை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு சதுர மீட்டர் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்ததை மட்டும் சேர்த்து, மொத்தத்தை வரைபடத்தில் குறியுங்கள். வீட்டுப் புல்தரையில் புதிதாக ஒன்றும் வராமல் கோடு சீக்கிரமே படுத்துவிடும். வெர்லம் பக்கத்துக் கரும்புக் காட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கலைக்காத புல்வெளியில் உங்கள் இடுப்புதான் முதலில் சோரும்.

முடிந்தால் குளூஃப் பக்கம் மணற்கல் மேட்டில் இன்னொரு சதுரம். இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவை எத்தனை என்று பாருங்கள். நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கிற கேப் பகுதியின் பெருமை இந்தக் கணக்கில்தான் தெரியும். அங்கே ஒரு சதுர மீட்டரில் எண்ணினால் பிரமாதமாக ஒன்றும் இராது. ஆனால் மலைக்கு மலை பட்டியல் மாறும். அப்படித்தான் சுமார் 90,000 சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய 9,000 வகை சேர்ந்திருக்கிறது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

அதனால் பட்டியல்களைக் கலந்துவிடாதீர்கள். தனித்தனிப் பக்கத்தில் எழுதி, பொதுவானவற்றை மட்டும் வட்டமிடுங்கள்.